குளிர் தெரியாத விரல்கள்

டயாலிசிஸ் முடிந்த அப்பா பின் இருக்கையில் வியர்த்துக் கிடந்தார். தாகத்துக்குக்கூட அவருக்கு அளந்துதான் தண்ணீர். காரின் ஏசியோ அனலாக ஊதியது. பல்லடத்தில் ஒரு மெக்கானிக்கிடம் நிறுத்தினேன். தலை நரைத்த, ஒடிசலான மனிதர்.

"கேஸ் கம்மியா இருக்கும். நிரப்பிவிடுங்க, போதும்" என்றேன், எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் என்ற மிடுக்கில்.

"ஓட்டைய உட்டுப்போட்டு நெரப்புனா நாளைக்கே காலியாயிருமுங்க அம்மணி."

சோப்பு நுரை தடவினார். குழாய் இணைப்பில் குமிழி கிளம்பியது. அங்கே ரப்பர் வளையத்தை மாற்றிக் கேஸ் ஏற்றியதும், காற்று வரும் இடத்தில் கன்னத்தைக் காட்டிப் பார்த்தார்.

"கை வெச்சாலே தெரியுமேங்க?" என்றேன்.

"வெரலுக்குத் தெரியாதுங்க. ஒருக்கா கேஸ் பீச்சியடிச்சு மரத்துப்போச்சு. ஐயாவுக்குச் சில்லுனு வருதுங்களா?"

பின் கதவருகே வந்து குனிந்தவரின் அந்த விரல்களை அப்பா பிடித்துக்கொண்டார். அந்தப் பிடி அந்த மனிதருக்குத் தெரிந்ததா என்று இன்னும் யோசிக்கிறேன்.