தம்பியின் ஒன்பது

விநாசித்தம்பி பினாங்குத் தந்தி அலுவலகத்தில் பதினேழு ஆண்டு வேலை பார்த்தவர். ‘சரியாகக் கேட்கவில்லை, திரும்ப அனுப்பு’ என்று எதிர்முனையைக் கேட்பதை மானக்கேடாக நினைப்பவர். ஜப்பான்காரன் ஆட்சியில் வந்த செய்திகளில் ஒரு சொல்லும் அவருக்கு விளங்காது. விளங்க வேண்டியதும் இல்லை. குட்டை ஒலியா, நெட்டை ஒலியா என்று பிரித்தறிந்தால் போதும். எழுத்தும் எண்ணும் வந்துவிடும்.

அவருடைய தம்பி நாகநாதனும் தந்திக்காரன்தான். நாற்பத்து மூன்றில் அவனைச் சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள். எட்டு மாதமாகக் கடிதமில்லை.

ஒரு காலை சயாம் கம்பியில் வந்த செய்தியில் ஒன்பது என்ற எண் இருந்தது. நான்கு நெட்டை, ஒரு குட்டை. அந்தக் குட்டைக்கு முன் அனுப்பியவன் கை இம்மியளவு தயங்கியது. விநாசித்தம்பியின் பென்சில் நின்றது. அப்படித் தயங்குகிற கை ஒன்றைத்தான் அவருக்குத் தெரியும்.

கம்பியில் சொந்தப் பேச்சு பேசினால் அடி விழும். பெயர் கேட்க வழியில்லை. பதினேழு ஆண்டில் முதல் தடவை, நன்றாகக் கேட்டதையே கேட்கவில்லை என்றார்.

திரும்ப வந்தது. அதே தயக்கம்.

“தம்பி உயிரோட இருக்கிறான்” என்றார் மனைவி ஞானாம்பிகையிடம்.

“கடிதம் வந்ததோ?”

“இல்லை. அவன்ர கையைக் கேட்டனான்.”

“கையைக் கேக்கிறதோ? பசியில உங்களுக்குக் காது கூவுது. கிழங்கைச் சாப்பிடுங்கோ.”

அப்படிச் சொன்னவள், மறுநாள் அவர் செருப்பைக் கழற்றுமுன் “இண்டைக்கு?” என்று கேட்டாள்.

மூன்று வாரம் இப்படியே போனது. ஒரு நாள் அவர் கேட்காமலே ஒன்பதுகள் மறுபடி வந்தன. கேட்பது அண்ணன் என்று அவனுக்கும் தெரிந்துவிட்டது.

“என்னண்ணே, காதுல பஞ்சா? உங்க லைன் மட்டும் தினமும் கெட்டுப் போகுதே லா!” என்றான் பக்கத்து மேசை நல்லமுத்து.

“தூரம் தம்பி. இரைச்சல்.”

அந்தச் சொல் ஜப்பானிய அதிகாரியின் காதுக்குப் போனது. அவர் அறையவில்லை. கம்பியை நடுவழியில் அலோர் ஸ்டார் ஊர்த் தந்தி அலுவலகத்தில் பிரிக்கச் சொன்னார். அங்கே ஒருவன் கேட்டு எழுதி, புதிதாகத் தட்டி அனுப்புவான்.

நல்ல ஏற்பாடு. தேய்ந்து வரும் ஒலியை அப்படியே பெருக்கினால் இரைச்சலும் பெருகும். எழுத்தாக்கி மறுபடி அனுப்பினால் இரைச்சல் அங்கேயே உதிர்ந்துவிடும். எழுத்தைத் தவிர மற்றதெல்லாமே உதிர்ந்துவிடும்.

திங்கட்கிழமை முதல் செய்தி கணீரென்று வந்தது. ஐந்து ஒன்பதுகள். ஒன்றும் தயங்கவில்லை.

“பாத்தீங்களாண்ணே, இப்ப மணி மாதிரி கேக்குது!”

‘கிடைத்தது’ என்று பதில் தட்ட வேண்டும். அதையும் அலோர் ஸ்டார் ஆள்தான் தன் கையால் தம்பிக்குத் தட்டுவான். அதிகாரி பின்னால் வந்து நின்றார். தந்திக் கருவியில் விரல் வைத்த விநாசித்தம்பி, தம்பிக்கே போய்ச் சேரும் என்பதுபோல நிதானமாகத் தட்டினார்.