அர்ஜுனும் கால்வாய்ப் பாலமும்

ராணுவ டாங்கிகளைச் சுமந்து போகும் டிரெய்லர் லாரி ஓட்டுகிறேன். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. ஆனால் எந்த டாங்கி எவ்வளவு கனம் என்பது என் காலுக்குத் தெரியும்.

அன்று ஏற்றியிருந்தது அர்ஜுன் டாங்கி. மண்ணூர் அருகே மெயின் ரோட்டை அடைத்திருந்ததால், சூப்பர்வைசர் ஏரிக் கால்வாயின் சின்னப் பாலத்தைக் காட்டினார். நான் பாலத்துக்கு முன்னாலேயே நிறுத்திவிட்டேன்.

"இன்னாண்ணே, போன வாரம் இதே வழியாத்தான டேங்க் ஏத்திகினு போன? இப்ப பொண்ணு பாக்க வந்த மாப்ள மாதிரி வெக்கப்படுற?"

சூப்பர்வைசர் இப்படிக் கேட்டதும் கூட வந்தவர்கள் சிரித்தார்கள். பாலம் உடைந்தால் கால்வாய்க்குள் போவது நான்தான்.

"அது டி-90 சார், எடை கம்மி. எந்தப் பாலத்துலயும் ஏறி சீக்கிரம் சண்டைக்குப் போவறதுக்குன்னே சின்னதா செஞ்சது. இதுக்கு இரும்பு ஜாஸ்தி, உள்ள ஒரு ஆளும் ஜாஸ்தி. இது குண்டடி தாங்கும். ஆனா இத்த இந்தப் பாலம் தாங்காது. நான் எடுக்க மாட்டேன்."

அவர் கீழே இறங்கிப் பாலத்தின் அடியைப் பார்த்தார். மேலே வந்து, "ரிவர்ஸ் எடுண்ணே," என்றார்.

மெயின் ரோடு வரை பின்னோக்கியே ஓட்டினேன். ஒரு மரக்கிளைகூட உரசவில்லை.