என் அட்டையில் அவன் பார்த்த ஷிப்ட்

கொச்சியில் சனிக்கிழமை ஃபுட்பால் மேட்ச். வெள்ளியும் திங்களும் அரசு விடுமுறை. காலண்டரில் அந்த நாலு நாளையும் சேர்த்து வட்டம் போட்டவன் என் கூட்டாளிதான். வியாசர்பாடி கிரவுண்டில் பதினைந்து வருஷம் சேர்ந்து ஆடியவர்கள் நாங்கள். அவன் ஸ்டாப்பர், நான் அவனிடம் திட்டு வாங்கும் கோல்கீப்பர். பெரிய மேட்ச் எதையும் டிவியில் தவிர பார்த்ததில்லை. ஒரு தடவையாவது கேலரியில் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்திவிட வேண்டும் என்று இரண்டு பேருக்கும் வெறி.

திட்டம் போடுவதில் அவனை மிஞ்ச ஆளில்லை. வியாழன் சாயங்காலம் ரயில், வெள்ளி காலை எர்ணாகுளம், குளித்துவிட்டு போட் ஏறி ஃபோர்ட் கொச்சி, அங்கே பீச். சனி மேட்ச், ஞாயிறு துணிக்கடை, திங்கள் வீடு. பீச் என்றதும் அவன் மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. திருவொற்றியூரில் கடலுக்குப் பக்கத்தில் குடித்தனம் பண்ணிக்கொண்டு கடல் பார்க்க ரயிலேறுகிறவர்கள் நீங்கள் இரண்டு பேர்தான் என்றாள்.

சாத்தாங்காட்டில் ஒரு இரும்பு யார்டில் இரண்டு பேரும் காண்ட்ராக்ட் ஆட்கள். மச்சினிக்குக் கல்யாணம் என்று நானும், பிள்ளைக்குக் காதுகுத்து என்று அவனும் லீவு சொல்லியாயிற்று. மேட்ச் டிக்கெட் என் போனில் வந்துவிட்டது. ஊர் திரும்ப ரயில் டிக்கெட்டும் உறுதி. போகத்தான் வெயிட்டிங் லிஸ்ட், அது நகரவே இல்லை. தட்கால் ஒன்றுதான் வழி. புதன்கிழமை காலை பதினொன்றுக்குத் திறக்கும். அவனுடையது பட்டன் போன், என் போனில்தான் போட வேண்டும். ஆனால் அந்த நேரம் எனக்கு ஷிப்ட், யார்டுக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள்.

இதற்கு எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. விரல் வைக்கிற மெஷின் நிரந்தர ஆட்களுக்கு மட்டும். எங்களுக்கு லேமினேஷன் போட்ட அட்டை. எண்ணெயும் வெயிலும் பட்டு அதில் போட்டோவே அழிந்திருக்கும். தலை எண்ணிக்கை சரியாக இருந்தால் சூப்பர்வைசருக்குப் போதும். ஒருத்தன் அட்டையில் இன்னொருத்தன் வேலை பார்ப்பது எங்களுக்குச் சட்டை இரவல் வாங்குவது மாதிரி. புதன் காலை, ராத்திரி ஷிப்ட் முடித்துத் தன் அட்டையை கேட் பெட்டியில் போட்டுவிட்டு வெளியே வந்தவனிடம் என் அட்டையைக் கொடுத்தேன். தூக்கமில்லாமல் டபுள் வேண்டாமே என்று ஒரு பேச்சுக்குச் சொன்னேன். ஒரு பேச்சுக்குத்தான். சரி, வேண்டாம் என்று அவன் சொல்லியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும்.

"நீ டிக்கெட்ட பாரு மாமு. நான் ரயில்ல தூங்கிக்கறேன்" என்றான்.

பதினொன்று பத்துக்கு இரண்டு பெர்த் கிடைத்தது. திருவொற்றியூர் விம்கோ நகரில் என் வீட்டு வாசலில் தனியாக நின்று குதித்தேன். பன்னிரண்டு மணிக்கு ஒரு போன். யார்டு ஆபீசுக்குப் புதிதாக வந்த கிளார்க், அட்டையில் இருந்த என் நம்பரை வீட்டு நம்பர் என்று நினைத்து அடித்திருக்கிறார். என் பெயரைச் சொல்லி, அந்த ஆள்மேல் கிரேனிலிருந்து தகட்டுக் கட்டு சரிந்துவிட்டது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறோம், நீங்கள் அவருக்கு என்ன உறவு என்று கேட்டார். தம்பி என்றேன்.

அவனுக்கு ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். காண்ட்ராக்டருக்குத் தெரிந்த தனியார் ஆஸ்பத்திரி. கேஸ் ஷீட்டில் என் பெயர், என் வயது. சூப்பர்வைசர் என்னை மாடிப்படிக்கு அழைத்துப்போய் நிதானமாகச் சொன்னார். உண்மையைச் சொன்னால் அவன் அந்த ஷிப்டுக்கு வரவே இல்லை என்றுதான் ஆகும், வைத்தியச் செலவை யாரும் ஏற்கமாட்டார்கள், அட்டை மாற்றியதற்கு இரண்டு பேருக்கும் வேலை போகும். முதலில் குணமாகட்டும், பிறகு பார்க்கலாம் என்றார். தலையாட்டினேன். அவனுக்காகத்தான் ஆட்டுகிறேன் என்று அன்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். எனக்கு என் வேலை போய்விடும் என்ற பயம், அவ்வளவுதான்.

சனிக்கிழமை அவனே மேட்ச் போடச் சொன்னான். போனைத் தலையணைமேல் சாய்த்து வைத்தேன். கேலரியைக் காட்டும்போதெல்லாம் எங்கள் சீட் இரண்டும் எங்கே காலியாகக் கிடக்கிறது என்று தேடினான். முதல் பாதி முடிவதற்குள் ஊசி மருந்தில் தூங்கிவிட்டான். அவன் மனைவி என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டாள்.

"காலு போனது அவருக்கு. காயிதத்துல உனக்குப் போயிருக்குது. நாளைக்கு எங்கயாச்சும் ஒரு மனு குடுக்கணும்னா நான் இன்னாத்த காட்றது? நீ போய் சொல்லுண்ணா."

சொல்கிறேன் என்றேன். செவ்வாய்க்கிழமை யார்டுக்குப் போகும்போதும் சொல்லிவிடுவது என்று சத்தியமாக நினைத்துக்கொண்டுதான் போனேன். கேட்டில் சூப்பர்வைசர் எனக்காகக் காத்திருந்தார். கால் போன ஆள் பெயரில் நீ எப்படி உள்ளே வருவாய் என்று கேட்டார். கேட் பெட்டியில் கிடந்த அவன் அட்டையை எடுத்து என் கையில் வைத்தார். இரண்டு பெண் பிள்ளைகள், பள்ளிக்கூடம், வாடகை என்று மனசு காரணங்களை அடுக்கிக்கொண்டே போனது. வரிசையில் போய் நின்றேன். நோட்டைத் திறந்து ஒவ்வொரு பெயராகப் படித்தார். அவன் பெயர் வந்தது.

கை தூக்கினேன். இன்றுவரை தூக்கிக்கொண்டுதான் இருக்கிறேன்.