அக்கா கொண்டுபோன பை

அக்காவுக்கு ஒஸ்தியோபதி கல்லூரியில் இடம் கிடைத்த செய்தி வந்தபோது நான் குசினியில் மத்தி மீன் கழுவிக்கொண்டிருந்தேன். அக்கா கைத்தொலைபேசியைப் பார்த்தபடி உள்ளே வந்தாள். "கிடைச்சிட்டுது" என்றாள். அம்மா அடுப்பை நிற்பாட்டினார். அப்பா கதிரையிலிருந்து எழும்பினார்.

"நாப்போலியோ?" என்று அப்பா கேட்டார்.

"ஓம் அப்பா."

"அப்ப ஒரு கப்பல் தூரம்தான்" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனார். அன்று காலையில் அவர் ஒருமுறை முகம் கழுவியாகிவிட்டது.

எனக்கு அப்போது பதின்மூன்று வயது. எட்டாம் வகுப்புச் சோதனை முடிந்து பதினைந்து நாள். நான் படித்தது அவ்வளவும், அதற்குமேல் ஒரு மூன்று மாதமும்தான். அதனால் எனக்கு வருகிற மாதிரித்தான் இதை எழுதுகிறேன்.

ஒஸ்தியோபதி என்றால் என்ன என்று இத்தாலியில், இந்தப் பலேர்மோவில் எங்கள் ஆட்கள் ஒருவருக்கும் தெரியாது. அக்கா பொறுமையாகச் சொன்னாள். மருந்து இல்லை, ஊசி இல்லை. எலும்பையும் தசையையும் கையால் தொட்டுப் பார்த்து, பிடித்திருப்பதைக் கையாலேயே விடுவிப்பது. ஐந்து வருடம் படிக்க வேண்டும். அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோவில் வாசலில் நின்று, "மூத்தவள் டாக்குத்தருக்கு எடுபட்டிட்டாள்" என்றார்.

"டாக்குத்தர் இல்லை அப்பா" என்று அக்கா மெதுவாகச் சொன்னாள்.

"கை டாக்குத்தர்" என்று அப்பா திருத்தினார்.

நேர்முகத்தில் நடந்ததை அக்கா வீட்டில் ஒரேயொருமுறை சொன்னாள். ஏன் இந்தப் படிப்பு என்று கேட்டிருக்கிறார்கள். ஒரு வயதான அம்மாவுக்கு நாலு வருடமாக முதுகு அமத்திவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். கேட்டவர் திரும்பி இருந்து, என் முதுகில் எங்கே நோகிறது, காட்டு என்றாராம். அக்கா காட்டினாளாம். இதை அப்பா நூறுதரம் சொல்லியிருப்பார். ஆவணி மாதம் வந்தபோது, அப்பாவின் கதையில் அந்த மனிதர் நாலு வருடமாக நிமிரமுடியாமல் இருந்து, அக்கா கை வைத்ததும் நிமிர்ந்துவிட்டார்.

பிறகு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பலேர்மோவின் மாடிப்படி எல்லாவற்றையும் துடைப்பது எங்கள் பெண்கள்தான். அந்தப் படிகள் எல்லாம் அவர்களின் முழங்காலில் இருந்தன. எங்கள் கட்டடத்தில் மேலே இருந்த மாமி முதல் ஆள். உறவில்லை, மன்னார் ஆள், அதனால் மாமி. அவர் கதிரையில் இருந்து, பாவாடையை முழங்கால் வரை இழுத்தார்.

"மாமி, நான் இன்னும் தொடங்கவே இல்லை" என்றாள் அக்கா.

"தொடங்காட்டி என்ன, இடம் கிடைச்சிட்டுது தானே. சும்மா ஒருக்கா அமத்திப் பார்."

"பிழையா அமத்தினால்?"

"இதுக்குமேலை பிழைக்க என்ன கிடக்கு? படிச்சு முடிச்சாப்பிறகு வெள்ளைச் சட்டையோடை எங்களைத் தெரியாதெண்டுவாய். இப்பவே பார் பிள்ளை."

அக்கா பார்த்தாள். நான் எண்ணெயைச் சூடாக்கிக் கொடுத்தேன்.

அக்கா அமத்திவிட்ட அந்த வயதான அம்மாதான் சிஞ்ஞோரா; வேலை செய்யும் வீட்டுக்கார அம்மாவை இங்கே அப்படித்தான் கூப்பிடுவது. வியா மக்வேதா தெருவுக்குப் பின்னால் ஒரு பழைய வீட்டின் நாலாம் மாடி. எங்கள் அம்மாவுக்கு அங்கே காலையில் வேலை. அக்கா பதினைந்து வயதிலிருந்து பள்ளிக்கூடம் விட்டு நேரே அங்கே போவாள். சிஞ்ஞோராவுக்கு முதுகு அமத்த வேண்டும், கால் பிடித்துவிட வேண்டும், அவள் சொல்லும் கதையைக் கேட்க வேண்டும். கிழமைக்கு ஒருதரம் ஒரு ஒஸ்தியோபதிக்காரர் வந்து பார்த்துவிட்டுப் போவார். அவர் கை போகும் இடத்தை அக்கா பக்கத்தில் நின்று பார்ப்பாள். படிப்பின் ஆசை அங்கேதான் வந்தது. சிஞ்ஞோரா பின்னாளில் எல்லோரிடமும், இந்தப் பிள்ளையை நான்தான் படிப்பித்தேன் என்று சொன்னாள். அவள் கொடுத்தது ஒரு முதுகு.

அம்மாவின் வேலைக் கடதாசி சிஞ்ஞோராவின் பெயரில் இருந்தது. அந்தக் கடதாசி இருந்தால்தான் எங்கள் நாலு பேருக்கும் பெர்மெஸ்ஸோ, அதாவது இந்த நாட்டில் இருக்கும் அனுமதி. அந்த வருடம் அதைப் புதுப்பிக்க வேண்டும். சிஞ்ஞோரா புதிதாக ஒரு கையெழுத்து வைக்க வேண்டும். வைக்காவிட்டால் அக்கா கல்லூரியில் பதிய முடியாது. இது எனக்குத் தெரியும். வீட்டில் எல்லோருக்கும் தெரியும். சிஞ்ஞோராவுக்கும் தெரியும்.

அம்மாவும் அக்காவும் செய்தி சொல்லப் போன அன்று நானும் போனேன். பல்லரோ சந்தையில் வாங்கிய மரக்கறிப் பைகளைத் தூக்க ஆள் வேண்டும். சிஞ்ஞோரா நல்லது என்றாள். அக்காவின் கன்னத்தைத் தடவினாள். பிறகு, "அப்போ என் முதுகு?" என்று கேட்டாள்.

அம்மா ஒரு ஆள் தேடித் தருவதாகச் சொன்னார். சிஞ்ஞோரா தலையை ஆட்டினாள். எனக்குத் தெரியாத கை வேண்டாம் என்றாள். கையெழுத்தைக் கோடை முடியப் பார்ப்போம் என்றாள். பிறகு வாசலில் பைகளோடு நின்ற என்னைப் பார்த்தாள்.

"இவளுக்கும் அதே கைதானே" என்றாள்.

அம்மா சிரித்தார். நானும் சிரித்தேன். பைகளை வைத்துவிட்டு இரண்டு கையையும் நீட்டிக் காட்டினேன். இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். நானே நீட்டினேன்.

படியிறங்கும்போது அக்கா நின்றாள். "அம்மா, அவளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கு" என்றாள்.

"பின்னேரம் தானே. நத்தார் வரைக்கும்தான். கடதாசி கையிலை வரட்டும்."

"வேறை ஆளை வைப்பம்."

"வேறை ஆளை வைச்சு வீட்டைக் குடுக்கச் சொல்லுறியோ?"

அம்மா இறங்கிக்கொண்டே இருந்தார். அக்கா நின்ற இடத்திலேயே நின்றாள். அம்மா ஒரு மாடி இறங்கிய பிறகு அக்காவும் இறங்கினாள்.

வீட்டைக் கொடுப்பது என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம். ஒரு வீட்டில் வேலை செய்கிறவர் ஊருக்குப் போனாலும் பிள்ளை பெறப் போனாலும், அந்த வீட்டுக்கு ஆள் வைத்துவிட்டுத்தான் போவார். வெறுமையாக விட்டால் சிஞ்ஞோராக்கள் வேறு ஆளை எடுத்துவிடுவார்கள். வைத்த ஆள் கெட்டிக்காரர் என்றால் அதுவும் கரைச்சல். திரும்பி வரும்போது வீடு அவருடையதாகிவிடும். அப்படி வீட்டைப் பறிகொடுத்தவரும் பறித்தவரும் ஒரே பூசைக்கு வருவார்கள். சமாதானம் சொல்லிக் கை கொடுக்கும் நேரத்தில் ஆளுக்கொரு பக்கம் திரும்பிவிடுவார்கள். அதனால் புத்தியுள்ளவர்கள் சொந்த ஆளைத்தான் வைப்பார்கள். மேல்வீட்டு மாமி உடனே மணம் பிடித்துக்கொண்டு அம்மாவிடம் வந்தார்.

"என்னை வை தங்கச்சி. நான் பார்க்கிறன்."

"உங்கடை முழங்காலோடை நாலு மாடி ஏறுவியளோ அக்கா?" என்றார் அம்மா.

"வீடெண்டால் முழங்கால் ஏறும்."

மாமிக்கு அந்த வீடு கிடைத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

கல்லூரியிலிருந்து ஒரு பட்டியல் வந்தது. வெள்ளைச் சட்டையும் காற்சட்டையும் இரண்டு சோடி, உடலமைப்புப் படப் புத்தகம், நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். சிஞ்ஞோரா கழித்துவிட்ட படுக்கை விரிப்பில் அம்மா சட்டை தைத்தார். நல்ல தடித்த துணி. மூலையில் சிஞ்ஞோராவின் குடும்ப எழுத்து பின்னியிருந்தது. எப்படி வெட்டியும் அது தப்பவில்லை. கடைசியில் அக்குளுக்குள் போனது. அக்கா கை தூக்காமல் இருந்தால் தெரியாது.

புத்தகத்துக்குப் பை வேண்டும். அங்கேதான் எனக்குப் பிடித்தது கோபம்.

சோதனையில் நான் நல்ல புள்ளி எடுத்ததற்கு அப்பா ஒரு பை வாங்கித் தந்திருந்தார். நீலம், முதுகில் பஞ்சு வைத்தது, இரண்டு பக்கமும் தண்ணீர்ப் போத்தல் வைக்க இடம். பெரிய பள்ளிக்கூடத்துக்கு என்று கட்டிலுக்கு அடியில் பிளாஸ்டிக் கவரோடு வைத்திருந்தேன். ஒருநாளும் தோளில் போடவில்லை. அம்மா அதை இழுத்து எடுத்து, புத்தகம் கொள்ளுமா என்று அளந்து பார்த்தார்.

"அது என்ரை" என்றேன்.

"அக்கா கொண்டு போகட்டும். உனக்குப் பிறகு வாங்குவம்."

"அவவுக்கு வாங்குங்கோ."

"சொன்னதைக் கேள்."

அக்கா உள்ளே வந்தாள். "விடுங்கோ அம்மா, நான் பெட்டியிலை கட்டிக்கொண்டு போறன்."

"டாக்குத்தர் பிள்ளை கடதாசிப் பெட்டியோடை போறதோ?" என்று அப்பா முன்னறையிலிருந்து கேட்டார். எனக்காக அவர் ஒரு சொல் சொல்வார் என்று பார்த்தேன். பை வாங்கித் தந்தவர் அவர். அவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார்.

நான் பையை மொட்டைமாடிக்குக் கொண்டுபோய் உடுப்புத் தோய்க்கிற தொட்டிக்குள் ஒளித்தேன். அம்மா கண்டுபிடித்தார். நான் இரண்டு நாள் சாப்பிடவில்லை. அம்மா அதையும் பொருட்படுத்தவில்லை. பிறகு ஒரு கறுத்த மார்க்கரை எடுத்து, பையின் உள்மூடியில் பெரிதாக என் பெயரை எழுதினேன். கீழே என் புது வகுப்பையும் எழுதினேன்: முதலாம் வகுப்பு, சி. இங்கே எட்டு முடிந்து பெரிய பள்ளிக்கூடம் போனால் திரும்பவும் ஒன்றிலிருந்துதான் எண்ணுவார்கள். அக்கா கல்லூரியில் பை திறக்கும்போதெல்லாம் வெட்கப்பட வேண்டும் என்று எழுதினேன்.

கடைசிக் கிழமை அக்கா என்னைச் சிஞ்ஞோராவிடம் கூட்டிப்போய்ப் பழக்கினாள். முள்ளந்தண்டில் அமத்தாதே, இரண்டு பக்கமும் அமத்து. எண்ணெயை உன் கையில் விட்டுச் சூடு பார்த்துவிட்டு வை. அவள் கதை சொன்னால் ஓம் என்று சொல், சிரிக்காதே. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு செய்தேன். அக்கா என் பெருவிரலைப் பிடித்து நிமிர்த்தினாள்.

"விரலாலை அமத்தாதை. உடம்புப் பாரத்தாலை அமத்து. இல்லாட்டி உன்ரை கை போயிடும்."

படிக்க முதலே பெரிய டாக்குத்தர் மாதிரிக் கதைக்கிறாள் என்று எரிச்சலாக இருந்தது. அவள் சொன்னது சரி. ஆனால் எனக்கு அப்போது முப்பத்தெட்டுக் கிலோ. எந்தப் பாரத்தால் அமத்துவது? விரலால்தான் அமத்தினேன். சிஞ்ஞோரா திருப்திப்பட்டாள். அடுத்த நாள் கையெழுத்து வைத்தாள்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஐப்பசியில் பின்னேரம் மட்டும் போனேன். கார்த்திகையில் சிஞ்ஞோரா விழுந்து இடுப்பில் அடிபட்டது. பகல் முழுக்க ஆள் வேண்டும் என்றாள். அம்மாவுக்கு வேறு வீடுகள் இருந்தன, பகலிலும் நான் போனேன். மார்கழியில் நத்தார் வந்தது, போனது. பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு கடிதம் வந்தது. வீட்டில் இத்தாலியக் கடிதம் வாசிப்பது அக்காவின் வேலை. அவள் இல்லாதபடியால் நான் வாசித்தேன். என்னவாம் என்று அப்பா கேட்டார். விடுமுறை அறிவித்தல் என்றேன். அதற்குமேல் அவரும் கேட்கவில்லை. மூன்றாவது கடிதம் வரவில்லை. கோவிலில் பூசை வைக்கும் சுவாமி அம்மாவை எழுந்து நிற்கச் சொல்லி, பிள்ளையைப் படிப்பிக்கும் தாய் என்று புகழ்ந்தார். எல்லோரும் கை தட்டினார்கள். எங்கள் வீட்டில் பிள்ளைகள் இரண்டு.

அக்கா படித்து முடித்தாள். இப்போது நாப்போலியில் வேலை. நல்லவள். என் பெருவிரல்களை ஒவ்வொரு வருகையிலும் பிடித்துப் பார்ப்பாள். அந்தப் பையையும் கொண்டுவந்து தந்தாள். ஐந்து வருடம் சுமந்தும் உள்மூடியில் நான் எழுதியதை அவள் அழிக்கவில்லை. என் பெயர் இருந்தது. நான் மூன்று மாதம் மட்டும் இருந்த வகுப்பும் இருந்தது.

அவள் கப்பல் ஏறிய நாளைச் சொல்ல வேண்டும். புரட்டாதி, வெயில் இறங்கும் நேரம். துறைமுகத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். மாமி இடியப்பப் பார்சல் கொடுத்தார். சிஞ்ஞோரா ஒரு கார்ட்டில் மாதா படம் ஒட்டி அனுப்பியிருந்தாள். அப்பா கப்பல்காரரிடம்கூட, "டாக்குத்தருக்குப் போகிறாள்" என்று இத்தாலியனில் சொன்னார். அக்கா ஒவ்வொருவராகக் கட்டிப்பிடித்துவிட்டு என்னிடம் வந்தாள். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். "போயிட்டு வாறன்" என்றாள். அவள் ஏறிப் போகும்போது முதுகில் என் நீலப் பை போவதை மட்டும் பார்த்தேன்.

திரும்பி நடக்கும்போது அம்மாவிடம், "எனக்கு எப்ப பை வாங்குவியள்?" என்று கேட்டேன். பள்ளிக்கூடம் தொடங்க நாலு நாள்தான் இருந்தது.

அம்மா கொஞ்சத் தூரம் நடந்தார். பிறகு நின்று, தன் கைப்பையிலிருந்து ஒரு சிவப்பு நூலில் கோத்த திறப்பை எடுத்து என் கழுத்தில் போட்டார். சிஞ்ஞோரா வீட்டுக் கதவுச் சாவி. அதுவரை அக்காவின் கழுத்தில் கிடந்தது.

"துலைச்சிடாதை" என்றார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என்னைப் பெரிய ஆளாக்கிவிட்டார்கள். திறப்பைச் சட்டைக்கு வெளியே எடுத்துவிட்டு, எல்லோரும் பார்க்கட்டும் என்று நடந்தேன். நான் கேட்ட கேள்விக்கு அம்மா பதில் சொல்லாமல் கதையை மாற்றிவிட்டார் என்று நினைத்தேன். பதில் சொல்லிவிட்டார் என்று எனக்குத் தெரியவில்லை.