நூறு கிராம், ஒரு டம்ளர்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வயது நாற்பத்தொன்று, படித்தது கணக்கு, ஸ்வீடனில் கிடங்கு மேற்பார்வை வேலை. இத்தனையும் வைத்துக்கொண்டு, நூறு மில்லி பிடிக்கும் டம்ளரில் எதைப் போட்டாலும் நூறு கிராம் இருக்கும் என்று நம்பிய அறிவாளி நான். தண்ணீருக்கு அது சரி. வெந்நீரைத் தவிர வேறெதையும் ஒழுங்காகச் சமைக்காததால் குட்டு வெளிப்பட நாளாயிற்று.

இங்கே பெரும்பாலான அடுப்படிகளில் தராசு தேடினால் சிரிப்பார்கள். மாவோ சர்க்கரையோ, டெசிலிட்டர் என்கிற நூறு மில்லிக் குவளையில் முகந்து போடுகிறார்கள். கொல்லிமலையில் நாங்கள் படியில் அளப்பதுபோலத்தான். பக்கத்து வீட்டு இங்கர் அம்மாள் எழுதித் தந்த ஏலக்காய் பன் செய்முறையில் ஐந்து டெசிலிட்டர் மைதா என்றிருந்தது. நான் தராசு வாங்கி, ஐந்நூறு கிராம் நிறுத்துப் போட்டேன். வெந்து வந்ததை அவர் மேசையில் தட்டிப் பார்த்தார்.

“இதை வைத்து வீடு கட்டப் போகிறாயா?”

“நீங்கள் எழுதியபடி ஐந்நூறு கிராம்தான் போட்டேன்.”

“கிராம் என்று எங்கே எழுதினேன்? ஐந்து டெசி மைதா முந்நூறு கிராம்தானே வரும்!”

சிரிக்கத் தொடங்கினேன். பாதியில் நின்றுவிட்டது. அப்பாவின் டம்ளர் நினைவுக்கு வந்தது.

அம்மா போன பிறகு அப்பா கொல்லிமலையில், திண்ணனூர் நாட்டு ஊரான எங்கள் ஊரில், தனியாகத்தான் பொங்கித் தின்கிறார். போன தை மாதம் நான் ஊருக்குப் போயிருந்தபோது, அவருக்குச் சர்க்கரை கூடிவிட்டதென்று மலைக்குக் கீழே ஒரு டாக்டரிடம் காட்டினோம். வேளைக்கு நூறு கிராம் கேழ்வரகு மாவில் களி, அதற்கு மேல் கூடாது என்றார். வீட்டில் தராசு இல்லை. “அதுக்கென்னங்கப்பா, இந்தச் சின்ன டம்ளரு நூறு மில்லி. தலைதட்டி ஒரு டம்ளரு மாவு” என்றேன் மேதாவித்தனமாக.

“தலைதட்டியா கண்ணு? நம்ம ஊட்டுல கோபுரமால்ல அளப்போம்?”

“கோபுரமெல்லாம் கோயிலுக்குங்கப்பா.” சொல்லிவிட்டு நானே சிரித்துக்கொண்டேன்.

கேழ்வரகை அரைத்தால் ஒரு படி ஒன்றேகால் படியாகப் பொங்கும், கனம் மட்டும் ஏறாது என்பது அவருக்குத் தெரியாததா? நாற்பது வருடம் விதைத்து, அறுத்து, அளந்தவர். ஏழு மாதமாக வீடியோவில் அவர் சட்டைக் கழுத்து அகலமாகிக்கொண்டே போனது. நான் என்ன செய்தேன்? “இளைச்சு மாப்பிள்ளை மாதிரி ஆயிட்டீங்க” என்று பாராட்டினேன்.

இங்கர் அம்மாள் வீட்டிலிருந்து அப்படியே என் வீட்டுக்கு ஓடி, இந்தியக் கடையில் வாங்கிய கேழ்வரகு மாவைக் குவளையில் தலைதட்டி நிறுத்தேன். தராசு அறுபதைத் தாண்டவில்லை. உடனே கூப்பிட்டேன். எனக்கு மதியம், அவருக்கு விளக்கு வைத்த நேரம். அவர் மடியில் தட்டு, தட்டில் குழந்தைக்கு வைக்கிற அளவு களி. என் மேசைமேல் மாவு, திரைக்குள் அவர் தட்டு. இங்கிருந்து ஒரு கை அள்ளி அங்கே போட்டுவிடலாம் போலிருந்தது. விரல் கண்ணாடியில் முட்டியது.

“அப்பா, தப்பு என்னுதுங்க. பாதிக்குப் பக்கமா கொறச்சுச் சொல்லிட்டேன். இன்னும் முக்கா டம்ளரு சேத்துப் போடுங்க.”

“சரி சாமி.”

“மாவு கனம் உங்களுக்குத் தெரியாதுங்களா? பசிக்கலீங்களா? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுல்லீங்க?”

அவர் களியைக் கிள்ளிக் குழம்பில் தொட்டார்.

“நீ சொன்ன அளவாச்சே, கண்ணு.”