தலைப்பலகையில் நான் செய்த பிழை

அபிநயாவின் வீடு பூட்டிக் கிடந்தது. காரைக்கால் பக்கம் பட்டினச்சேரியில் அந்த வாசலில் நான் நின்றபோது என் தோளில் குழந்தைகளை அளக்கும் பலகை தொங்கியது. அந்தப் பலகையைக் கெடுத்து வைத்தவன் நான்தான். அதனால் ஒரு வயதுக் குழந்தை அபிநயாவின் உடம்பில் இருந்த நோய் இரண்டு மாதம் யார் கண்ணிலும் படவில்லை. தெரிந்து ஓடி வந்தால் குழந்தையைக் காணோம். பெற்றவர்கள் அவளைத் தூக்கிக்கொண்டு எங்கோ போய்விட்டார்கள். எனக்கு அழுகைகூட வரவில்லை. “ஆண்டவரே, அவளைக் காட்டும்” என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த ஜெபத்துக்குக் கிடைத்த பதிலைச் சபையில் பலமுறை சொல்லியிருக்கிறேன். எழுதியே கொடு என்று சகோதரர்கள் கேட்டதால் எழுதுகிறேன். என் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஓர் ஊரில் தங்காத ஆள். பதினாறு வயதில் போலகத்திலிருந்து கிளம்பினேன். திருப்பூரில் சாயப்பட்டறை, மும்பையில் கட்டட வேலை, மங்களூரில் படகுத்துறை, நடுவில் ஒரு பருவம் கோடியக்கரையில் ஐஸ் உடைக்கிற வேலை. எங்கேயும் ஒரு வருடம் முழுதாக இருந்ததில்லை. தகராறு வந்தாலும் சரி, நான் ஏதாவது தப்புச் செய்தாலும் சரி, பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவேன். பட்டினி கிடந்ததும் ரயில் நிலையத்தில் படுத்ததும் உண்டு. அதைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அம்மாவின் கடைசி நாட்களில் ஊருக்கு வந்தேன். அம்மா கேட்டுக்கொண்டதற்காக நெடுங்காட்டில் நடக்கும் வீட்டு ஜெபக் கூட்டத்துக்குப் போனேன். அங்கே ஒரு சகோதரர், மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் ஒருவருக்கு ஜீப் ஓட்டவும் சாமான் தூக்கவும் ஆள் வேண்டும் என்றார்.

அப்படித்தான் வசந்தா மேடத்திடம் போய்ச் சேர்ந்தேன். அவர் குழந்தைகளின் ஆரோக்கியத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர். ஒரே மண்ணில், ஒரே காற்றில், சில குழந்தைகள் ஏன் வளர்கின்றன, சில ஏன் அப்படியே நின்றுவிடுகின்றன என்பதுதான் அவருடைய கேள்வி. வயல் பக்கம் சில ஊர், கடல் பக்கம் சில ஊர் என்று எடுத்து, பிறந்த குழந்தைகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வீடு வீடாகப் போய்ப் பார்ப்பார். பெரிய ஊர்களிலிருந்து அவருக்கு அழைப்பு வந்தது எனக்குத் தெரியும். “இந்தப் பிள்ளைங்க பள்ளிக்கூடம் போறவரைக்கும் பாத்துட்டுப் போறேன்” என்பார். அவர்கள் பள்ளிக்கூடம் போவதற்குள் வேறு குழந்தைகள் பிறந்துவிடும். அவர் போகவே இல்லை.

அந்த வருடங்களை இப்போது நினைத்தாலும் மனம் லேசாகிறது. நெடுங்காட்டு வாய்க்கால் ஓரமாக ஜீப் போகும். இரண்டு பக்கமும் சம்பா நாற்று. மேடம் முன்சீட்டில் செருப்பைக் கழற்றிவிட்டு, மடியில் காகிதக் கட்டோடு உட்கார்ந்திருப்பார். மத்தியானம் மதகில் உட்கார்ந்து அவர் டப்பாவிலிருந்து பாதிப் புளிச்சோற்றை என் டப்பா மூடியில் வைப்பார். “சேகர், மும்பையில என்ன சாப்புட்டீங்க?” என்று கேட்பார். நான் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டே போவேன். என் சுற்றலை யாரும் அதுவரை அப்படி ஆசையாகக் கேட்டதில்லை.

குழந்தையை அளக்கும் பலகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நிற்கத் தெரியாத குழந்தையைப் படுக்க வைத்துத்தான் அளக்க முடியும். ஒரு நீளப் பலகை, அதில் அளவுக்கோடுகள். ஒரு முனையில் தலை முட்டிக்கொள்ள ஒரு குட்டைப் பலகையை நிறுத்தி அடித்திருக்கும், அதுதான் தலைப்பலகை. காலடியில் இன்னொன்று நகரும். தலையைப் பிடிப்பது என் வேலை. முழங்காலை மெல்ல நீட்டி அளவைப் பார்ப்பது மேடத்தின் வேலை.

முதலில் ஊர்களில் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. உயிரோடு இருக்கிற பிள்ளையைப் பலகையில் நீட்டிப் படுக்க வைப்பதா என்று திட்டினார்கள். மேடம் வாதாடவில்லை. “உங்க பழைய சேலைய எடுத்தாங்க, நீங்களே விரிங்க, நீங்களே படுக்க வைங்க” என்றார். தாயின் சேலை விரித்ததும் அது பலகையாக இல்லாமல் போயிற்று. முஸ்லிம் வீடுகளில் பிஸ்மி சொல்லிப் படுக்க வைத்தார்கள். நான் தலையைப் பிடிக்கும்போது மனதுக்குள் ஒரு வார்த்தை ஜெபிப்பேன்.

ஓர் ஐப்பசி மழையில் ஜீப் பள்ளத்தில் இறங்கி, தலைப்பலகை பிளந்துபோயிற்று. மேடம் ஒரு கூட்டத்துக்காக வெளியூர் போயிருந்தார். தச்சரிடம் போய் நல்ல தேக்கில் புதிதாக ஒன்று வாங்கி நானே அடித்தேன். பழையது மெலிசு. புதியது தடிமன். இனி உடையாது என்று பெருமையாக இருந்தது. தடிமன் எந்தப் பக்கம் கூடியது என்று யோசிக்கவில்லை. உள்பக்கம் கூடியிருந்தது. அதாவது, குழந்தையின் தலை அளவு தொடங்கும் கோட்டிலிருந்து ஒரு விரல் தள்ளியே முட்டியது. எந்தக் குழந்தையைப் படுக்க வைத்தாலும் ஒரு விரல் வளர்ந்தமாதிரி காட்டும்.

கார்த்திகைச் சுற்றில் எல்லாக் குழந்தைகளும் வளர்ந்திருந்தன. மேடத்துக்கு ஒரே சந்தோஷம். பால்வாடியில் முட்டை ஒழுங்காகப் போடுகிறார்கள், அதனால்தான் என்று நினைத்தார். அதைக் கல்லூரிக் கூட்டத்திலும் சொன்னார்.

அபிநயாவின் தாய் மலர்க்கொடி மட்டும் நம்பவில்லை. மீன் விற்கிறவர், வாய் ஓயாது.

“பலகைக்காரரே, என்ன எழுதுறீங்க?”

“வளர்ந்திருக்கா தங்கச்சி.”

“எங்க வளந்தா? ஆடியில தச்ச சட்டைதான் இன்னும் போடுறேன். காலு நீண்டுருந்தா கணுக்காலுக்கு மேல ஏறியிருக்காதா? ஒங்க பலகையில வளருது, என் வீட்டுல வளரல.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். குழந்தை சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. கொழுகொழுவென்று எடை சரியாக இருந்தாள். சமத்துப் பிள்ளை, எங்கே போட்டாலும் தூங்கும் என்று பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாள்.

மார்கழியில் ஒரு சனிக்கிழமை பலகையைத் துடைக்கும்போது மலர்க்கொடியின் பேச்சு நினைவுக்கு வந்தது. விளையாட்டாக இரும்பு ஸ்கேலை எடுத்து வைத்துப் பார்த்தேன். ஒரு விரல் கூடுதல். மறுபடி வைத்தேன். அதேதான்.

தலைப்பலகையை இழைத்து மெலிதாக்கிவிட்டால் யாருக்கும் தெரியாது என்ற எண்ணம்தான் முதலில் வந்தது. இரண்டாவது எண்ணம் என் பழைய வழக்கம். பையை எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போய்விட்டேன். திருச்சி பஸ் நின்றது. ஏறி உட்கார்ந்தும்விட்டேன். கண்ணை மூடினால் அந்தச் சமத்துப் பிள்ளையின் முகம். “ஆண்டவரே, நான் இதுவரைக்கும் ஓடினதெல்லாம் போதும். என்னை இறக்கிவிடும். போய்ச் சொல்ல எனக்கு வாயைத் தாரும்” என்று ஜெபித்தேன். வானத்திலிருந்து குரல் எதுவும் வரவில்லை. ஆனால் பஸ் கிளம்புவதற்குள் என் கால் தரையில் இருந்தது. இத்தனை வருடத்தில் ஓடிப்போக ஏறிய பஸ்ஸிலிருந்து நான் இறங்கியது அன்றுதான்.

மேடம் வீட்டில் பலகையை வைத்துச் சொன்னேன். அவரே மூன்று முறை அளந்தார். ஸ்கேலைக் கீழே வைத்தார்.

“தடியா இருந்தா பிள்ளை தலைக்குப் பத்திரம்னு நெனச்சீங்களாக்கும்.”

“ஆமா மேடம்.”

“கூட்டத்துல எந்திரிச்சுப் பெருமையா பேசிட்டு வந்துருக்கேன் சேகர். எல்லாப் பிள்ளையும் வளர்ந்துடுச்சுன்னு.”

“என்னை அனுப்பிடுங்க மேடம்.”

“அனுப்பிட்டு? நான் ஒருத்தியா திரும்ப அளக்கவா? ஒக்காருங்க. அட்டைய எல்லாம் எடுங்க.”

ஒவ்வொரு குழந்தையின் எடையும் நீளமும் எழுதிய அட்டையிலும் அந்த ஒரு விரலைக் கழித்துப் பார்த்தோம். பெரும்பாலும் பயப்படும்படி இல்லை. அபிநயாவின் அட்டை வந்ததும் மேடத்தின் கை நின்றது. எடை ஏறியிருக்கிறது, நீளம் ஏறவே இல்லை. அழாத குழந்தை, எந்நேரமும் தூங்கும் குழந்தை. கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பி வேலை செய்யாவிட்டால் இப்படி ஆகும் என்றார். “தெனம் ஒரு சின்ன மாத்திரை போதும் சேகர். ஆனா நாள் போகப் போக மூளை வளர்றது நின்னுடும். போன எடை திரும்ப வரும், அது திரும்பாது.” என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் காலையில்தான் அந்தப் பூட்டிய வாசலில் நின்றேன். மலர்க்கொடியின் கணவர் பருவ மீன்பிடிக்குக் கோடியக்கரை போயிருக்கிறார், குடும்பத்தோடு போய்விட்டார்கள், தை கடைசியில்தான் வருவார்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அட்டையில் இருந்த எண்ணுக்குப் பேசிப் பார்த்தால் போன் அணைந்திருந்தது. நம் காரைக்கால் தனி யூனியன் பிரதேசம், நாலு எட்டு வைத்தால் தமிழ்நாடு. எல்லை தாண்டிய குழந்தை இந்தப் பக்கத்து நர்ஸின் பட்டியலில் இல்லை, அந்தப் பக்கத்துப் பட்டியலிலும் இன்னும் ஏறவில்லை.

“நான் போறேன் மேடம்” என்றேன். “அந்த ஊர்ல ஐஸ் உடைச்சிருக்கேன்.”

கோடியக்கரையில் அந்தப் பருவத்தில் கடற்கரை முழுக்கக் கீற்றுக் கொட்டகை. எத்தனையோ ஊர்க்காரர்கள். முதல் நாள் கொட்டகை கொட்டகையாகக் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. இரண்டாம் நாளும் அப்படியே. மலர்க்கொடி என்ற பெயரில் மூன்று பெண்களைக் காட்டினார்கள், மூவரும் வேறு ஆட்கள். மழை வேறு. மூன்றாம் நாள் விடிந்ததும் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். “ஆண்டவரே, வழி தெரியாத ஊர்களில் நான் தொலைந்துபோனபோதெல்லாம் நீர்தான் கண்டுபிடித்தீர். இப்போது நான் தேடுகிறேன், எனக்குத் தெரியவில்லை. நீர் அவளைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறீர். எனக்கும் காட்டும்” என்றேன். டீ ஆறிப்போயிற்று.

அப்போது மீன் எடை போடுகிற இடத்தில் ஒரு சண்டை.

“அது எப்படிண்ணே, கூடையில இருக்கறப்ப கொழுத்துக் கெடக்குற மீனு ஒன் தராசுல ஏறுனா மட்டும் எளைச்சுப்போவுது? அதுக்கும் சீக்கா?”

அந்தக் குரல் எனக்குத் தெரியும். டம்ளரைப் போட்டுவிட்டு ஓடினேன். மலர்க்கொடி இடுப்பில் கைவைத்து நின்றார். என்னைப் பார்த்ததும், “பலகைக்காரரே, இங்கயும் அளக்க வந்துட்டீங்களா?” என்றார்.

“தங்கச்சி, நீ சொன்னதுதான் சரி. நான் பலகையத் தப்பா அடிச்சுட்டேன். பாப்பா வளரல. அவளுக்கு ஒடம்பு சரியில்ல. மருந்து இருக்கு, இப்பவே வரணும்.”

அவ்வளவு பேர் நடுவில் சொன்னேன். மலர்க்கொடி என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அவர் கண் நிறைந்தது. “நான் சொன்னத அன்னிக்கே கேட்டுருக்கலாம்ல அண்ணே” என்று மட்டும் சொன்னார். கொட்டகையில் வலைக் குவியல்மேல் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தாள். அவளை நான்தான் தூக்கிவந்தேன்.

அன்று மாலைக்குள் காரைக்கால் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டோம். மேடம் வாசலிலேயே நின்றார். இரத்தப் பரிசோதனையில் அவர் சொன்னதுதான் வந்தது. மாத்திரையைப் பொடித்துத் தாய்ப்பாலில் கரைத்துக் கொடுத்தார்கள். சில வாரத்தில் மலர்க்கொடி போன் செய்து, “அண்ணே, ஒங்க சமத்துப் பிள்ளை ராத்திரியெல்லாம் கத்துறா, ஒருத்தரும் தூங்கல” என்றார். அந்தப் புகாரைக் கேட்டு நான் முழங்காலில் விழுந்து நன்றி சொன்னேன்.

அடுத்த கல்லூரிக் கூட்டத்தில் மேடம் எழுந்து, தாம் முன்பு சொன்னது தவறு, பலகை தவறு, அப்போது சொன்ன அளவுக்குக் குழந்தைகள் வளரவில்லை என்று சொன்னார். நான் பின்வரிசையில் நின்று கேட்டேன். என் பெயரை அவர் சொல்லவில்லை. ‘என் பலகை’ என்றே சொன்னார். சிலர் சிரித்தார்கள். அவர் உட்காரவில்லை, திரும்ப அளந்ததையும் வாசித்து முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். அவர் சபைக்கு வருகிறவர் அல்ல. ஆனால் செய்த தவற்றை அறிக்கையிடுவது என்றால் என்ன என்பதை நான் அவரிடம்தான் கண்டேன்.

இதெல்லாம் நடந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. அபிநயா இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். கணக்கு கொஞ்சம் மெதுவாகத்தான் வரும். வாய் அம்மாவைப் போல. மேடம் போன வருடம் ஓய்வு பெற்றார். அவரிடம் படித்தவர்கள் அந்த ஊர்களுக்கே போகிறார்கள், நான் அவர்களுக்கு ஜீப் ஓட்டுகிறேன். ஒரே ஊரில் இத்தனை வருடம் இருப்பேன் என்று என் அம்மாகூட நம்பியிருக்க மாட்டார்.

பிரியமானவர்களே, பிழை செய்துவிட்டு ஆண்டவரிடம் மட்டும் சொல்லி, மனிதரிடம் சொல்லாமல் இருக்கிறவர்கள் நம்மில் இருக்கலாம். அவரிடம் சொல்வது எளிது. பாதிக்கப்பட்டவரின் வாசலுக்கு நடந்து போவதுதான் கஷ்டம். அந்த நடைக்குத் துணை கேளுங்கள். அவர் வருவார். வீடு பூட்டியிருந்தாலும் திரும்பிவிடாதீர்கள். அடுத்த ஊரிலும் தேடுங்கள்.