காட்டிக் கொடுக்காத உடம்பு

லிஃப்ட் பழுதுபார்க்கும் அந்த மனிதருக்கு ‘இரும்பு’ என்று பட்டப்பெயர். வேறு யாரும் வைத்ததில்லை. தானே வைத்துக்கொண்டு, கூட வேலை செய்பவர்கள் வாயில் அது ஒட்டும்வரை சொல்லிச் சொல்லிப் பழக்கிவிட்டார். நோஞ்சான் அக்காவைப் பார்த்து, “சத்தையெல்லாம் அம்மா எனக்குன்னு எடுத்து வச்சுட்டாங்க” என்பார்.

கம்பெனியில் இரத்ததானம் என்றதும் முதல் ஆளாகச் சட்டைக் கையை மடக்கினார். பிறகு இரத்த வங்கியிலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள். பாராட்டத்தான் என்று தலைவாரிக்கொண்டு போனார். இரத்தத்தில் ஹெபடைடிஸ் பி கிருமி இருந்தது. பல வருஷமாகவே சத்தமில்லாமல் குடியிருக்கிறதாம்.

பிறக்கும்போதே அம்மாவிடமிருந்து வந்திருக்கலாம் என்று அக்காவையும் சோதித்தார்கள். அவளுக்கும் எப்போதோ வந்திருக்கிறது. ஆனால் அவள் உடம்பே அதை விரட்டியடித்திருந்தது. வந்து போன தடம் மட்டும்தான் மிச்சம்.

“ஒரே அப்பா அம்மா. அப்புறம் எப்படி டாக்டர்?” என்று கேட்டார் இரும்பு.

“மரபணு சீட்டுக்கட்டு மாதிரிங்க, ஆளுக்கு ஆள் வேற கை விழும்” என்றார் டாக்டரம்மா. “கிருமி புகுந்த செல்லை எதிர்ப்புச் சக்திக்குக் காட்டிக் கொடுக்கிற மரபணுக்கள் இருக்கு. அக்காவுக்கு அது நல்ல ரகமா வாய்ச்சிருக்கலாம். அது மட்டுமே காரணம்னும் சொல்ல முடியாது.”

“என்னோடது?”

“உங்களோடது ரொம்ப நல்லவர்போல. யாரையும் காட்டிக் கொடுக்க மாட்டார்.”

அக்கா சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டாள். ஈரல் இன்னும் கெடவில்லை, விடாமல் பரிசோதனைக்கு வந்தால் போதும் என்று டாக்டரம்மா சொன்னது அவர் காதில் ஏறவில்லை.

வீட்டுக்கு வந்து தனித் தட்டு, தனித் தம்ளரோடு மூலையில் உட்கார்ந்தார். மனைவி கண்கலங்குவாள் என்று ஓரக்கண்ணால் பார்த்தார். அவள் தட்டைப் பிடுங்கினாள்.

“சாப்பாட்டுல பரவாதுன்னு டாக்டர் சொன்னப்ப எங்க பராக்குப் பார்த்தீங்க? ரேசரையும் பல் பிரஷ்ஷையும் தனியா வைங்க, போதும். எனக்கும் சோதிச்சாச்சு, ஒண்ணுமில்லைன்னு வந்துடுச்சு. நாளைக்குத் தடுப்பூசி போட்டுக்கறேன். எந்திரிச்சு வந்து பக்கத்துல உக்காருங்க.”

அவருக்குக் கண் நிறைந்தது. காரம் என்று சமாளித்தார்.

அடுத்த வாரமே கம்பெனிப் பட்டறை ஆட்களை நச்சரித்துச் சோதனைக்கு இழுத்துக்கொண்டு போனார். வெல்டருக்கும் கிருமி இருந்தது. ஈரல் கெடத் தொடங்கியிருந்தது. உடனே மாத்திரை ஆரம்பித்தார்கள்.

“நீங்க சொல்லலேன்னா போயிருக்கவே மாட்டேண்ணே” என்றான் வெல்டர்.

வழக்கமான பெருமை நுனிநாக்குவரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, “மாத்திரையை மறந்துடாதப்பா” என்று மட்டும் சொன்னார்.